நான்கு மாடிக் கடையைப் பிரித்தோம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்கள் மூவரும் நலம்தானே என்று போனில் கேட்டாயிற்று, ஆனாலும் எழுதிக் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. கடை என்ன ஆயிற்று, சித்தப்பா பேசுகிறாரா என்று நீ கேட்டபோது அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள், அதனால் இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

நான்கு மாடியும் ஒரே கம்பெனியாக இருக்கும்வரை நஷ்டம் லாபத்தைத் தின்றுகொண்டேதான் இருக்கும், பிரித்தால்தான் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு என்று ஆடிட்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். சரி என்று மேல்மாடிகளைக் கண் ஆஸ்பத்திரிக்கு விற்றோம், ஃபர்னிச்சரையும் பாத்திரத்தையும் ஒரு மொத்த வியாபாரி அள்ளிக்கொண்டு போனார், கீழ்த்தளத்தில் துணி எனக்கு, செருப்பு சித்தப்பாவுக்கு. கடன் தீர்ந்தது, மனசுதான் ஆறவில்லை. கையெழுத்துப் போட்ட அன்று தம்பி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடம் என் காரில் வந்தவன் மறுநாள் பஸ்ஸில் போனான். கடை போனால் போகட்டும், தம்பியும் போய்விடுவானோ என்று பயந்துவிட்டேன், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நடுவே பலகைச் சுவர் எழுப்பிக் கடையைத் திறந்தோம். முதலில் வந்தவர் ஒரு பேண்ட்டை எடுத்து, எங்கே போட்டுப் பார்ப்பது என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது, டிரையல் ரூம் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம், செருப்புக் கடையில். வக்கீல், இன்ஜினீயர், ஆடிட்டர், உன் புத்திசாலி அப்பா, இத்தனை பேர் வரைபடம் பார்த்த லட்சணம் அது! தம்பியிடம் போய்க் கேட்க எனக்கு நா எழவில்லை, அசடு வழிய நின்றேன். பேண்ட் எடுத்தவரே வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், புதுப் பேண்ட்டும் புது ஷூவுமாகத் திரும்பி வந்தார், பின்னாலேயே தம்பி. அண்ணா, நீளம் கொஞ்சம் குறைக்கணும், நம்ம டெய்லர்கிட்ட சொல்லிடு என்றான். கையெழுத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, டேப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

மறுநாளே சுவரில் கதவு வைத்தோம். டிரையல் ரூமுக்கு வாடகை பேசிக்கொள்ளுங்கள் என்றார் ஆடிட்டர். தம்பி முறைத்த முறைப்பில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பேண்ட் வாங்குபவர்களில் பாதிப்பேர் செருப்பும் வாங்குகிறார்கள், இரண்டு கடையும் ஓடுகின்றன.

குழந்தையை ரொம்ப மிரட்டாதே, நீ அதைவிட வால். சித்தப்பாவுக்கு ஒரு போன் பண்ணு, நான் சொன்னதாகச் சொல்லாதே. ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருங்கள். ஒன்று விட்டுப்போயிற்று, கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தச்சர் கேட்டார். நான் தம்பி பக்கம் என்றேன், அவன் அண்ணன் பக்கம் என்றான். முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க என்று அவர் போய்விட்டார். நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை, கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா