முப்பத்தொரு பக்கங்களும் அவற்றின் ஃபோல்டர்களும்

9 ஆகஸ்ட் 1999, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று முறிந்தது. குக்கர் கேஸ்கட் இன்றும் மறந்தேன்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு ஆய்வுக் குழு. நூலகத்தில் இன்டர்நெட் இருப்பதாக அவர்களுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் எழுதியாகிவிட்டது. கம்ப்யூட்டர் இருக்கிறது, மேசை விரிப்பு இருக்கிறது, டெலிபோன் லைன் மட்டும் வரவில்லை. பிரின்சிபால் எட்டிப் பார்த்தார். "ஏனு ஸ்வாமி, இன்டர்நெட் பந்தா?" இன்டர்நெட் வந்ததா என்று கன்னடத்தில் கேட்டார்; தபால் வந்ததா என்று கேட்கும் குரல். இன்னும் இல்லை என்றேன்.

என் ஏற்பாடு: மண்டி மொஹல்லா பேட்டையிலுள்ள பிரௌசிங் சென்டரில் நல்ல பக்கங்களாகப் பார்த்துச் சேமிப்பது, ஃபிளாப்பியில் கொண்டுவந்து நம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுவது. இதை மோசடி என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேறெங்கோ எழுதியதை எடுத்துவந்து இங்கே அடுக்கி வைக்கத்தான் இருபத்திரண்டு வருடமாக இந்த நூலகருக்குச் சம்பளம்.

சென்டருக்குப் போய்வருவது மரகதம். என் உதவியாளர். எல்லையோர ராமாபுரத்துக்காரர். பதினோரு வருடமாகத் தற்காலிகம். நூலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு நன்றாக நடக்கிறது என்று குழு எழுதினால் ஒரு நிரந்தரப் பதவி தருவதாக நிர்வாகம் சொல்லியிருக்கிறது. எழுதாவிட்டால் பிரிவும் இல்லை, அவரும் இல்லை. இதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

10 ஆகஸ்ட், செவ்வாய்

மழை இல்லை. இரண்டு நாள் உழைப்பில் பதினாறு ஃபிளாப்பி, முப்பத்தொரு பக்கங்கள்.

தாவரங்கள் 9
பட்டுப்புழு 6
சந்திரனின் பள்ளங்கள் 4
இதயம், குறுக்குவெட்டு 2
பென்குயின் 1 (யார் கேட்டது?)
மற்றவை 9

ஒரு பக்கத்தைச் சேமித்தால் இரண்டு பொருள் வருகிறது: எழுத்துள்ள பக்கம், கூடவே அதே பெயரில் ஒரு ஃபோல்டர். படங்களெல்லாம் ஃபோல்டருக்குள். மரகதம் நேற்றே சோதித்துவிட்டார். "ரெண்டையும் ஒண்ணாத்தான் வெக்கோணுமுங்க சார். ஃபோல்டரை உட்டுட்டு வந்தா, பொட்டியை வேற பஸ்ல ஏத்திவுட்ட மாப்பிள்ளையாட்டம் நிக்குதுங்க."

எல்லாம் ஜோடி ஜோடியாக வந்து சேர்ந்தன. பெயர்கள்தான் சகிக்கவில்லை. நீளமான தலைப்புகள், சிலவற்றில் ஆச்சரியக்குறி. மா. 4க்கு மேல் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நூலக வகுப்பெண் கொடுத்தேன். முதல் தாவரப் பக்கத்துக்கு 581-1, அதன் ஃபோல்டருக்கும் 581-1. ஜோடி பிரியாது, கண்டுபிடிப்பதும் எளிது. இன்டர்நெட்டைக் கட்டியவர்கள் முன்னதாக ஒரு நூலகரைக் கேட்டிருக்கலாம்.

ஃபிளாப்பிகளைச் சுத்தமாக அழித்து ஆபீஸில் ஒப்படைத்தேன். வாங்கிய பொருளைத் திருப்பும் வழக்கம் இந்தக் கல்லூரியில் என்னோடு தொடங்குகிறது.

11 ஆகஸ்ட், புதன்

படங்கள் இல்லை. முப்பத்தொன்றிலும். பட்டுப்புழு இருக்கவேண்டிய இடத்தில் காலிக் கட்டம், மூலையில் சின்னதாகச் சிவப்புப் பெருக்கல் குறி. சந்திரன் இல்லை. பென்குயினும் இல்லை.

முதலில் கம்ப்யூட்டரைச் சந்தேகித்தேன். பிறகு ஃபிளாப்பியை. பிறகு மண்டி மொஹல்லாவை.

"பேரு மாத்துனீங்களா சார்?" என்றார் மரகதம்.

"ஒழுங்குபடுத்தினேன்."

"பக்கத்தையா, ஃபோல்டரையா?"

"இரண்டையும். ஒரே எண்."

மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மறுபடி சேமிக்க இரண்டு நாள் வேண்டும். கையில் இருப்பது நாளை ஒன்றுதான். இன்று மாலை கிரகணம் என்று சென்டரும் மூடல்.

கிரகணத்துக்காகக் கல்லூரி மூன்று மணிக்கே காலி. விஞ்ஞானத் துறை முதலில் கிளம்பியது. மரகதம் போகவில்லை. பயமில்லையா என்றேன். "சூரியனுக்கு வந்ததைச் சூரியன் பாத்துக்குமுங்க. நம்மளுக்கு வந்ததை நாமதான் பாக்கோணும்."

ஒரு பக்கத்தைக் கம்ப்யூட்டரின் நோட்பேடில் திறந்தார். சட்டையைத் திருப்பித் தையலைப் பார்ப்பதுபோல, பக்கத்தின் உள்வேலை முழுக்கத் தெரிந்தது. விரலை வரிவரியாக நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தினார். ஒரு படத்தின் பெயர்; அதற்கு முன்னால் ஃபோல்டரின் பழைய பெயர். பக்கம் தன் ஃபோல்டரை இன்னும் பழைய பெயரில்தான் தேடுகிறது. நான் கொடுத்த எண் அதற்குத் தெரியவே தெரியாது.

ஃபோல்டருக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார். பட்டுப்புழு வந்தது. நன்றாகக் கொழுத்த புழு.

"பக்கத்துக்கு உங்க நெம்பரே இருக்கட்டுமுங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஃபோல்டரைத்தான் தொடக்கூடாது." என் மானத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டார். கவனித்தேன்.

ஆறரைக்குள் பன்னிரண்டு முடிந்தது. கிரகணத்தை இருவருமே பார்க்கவில்லை.

12 ஆகஸ்ட், வியாழன்

மீதி பத்தொன்பது. நான் பெயரை வாசித்தேன், அவர் அடித்தார். பிறகு மாறி உட்கார்ந்தோம். நான் அடித்ததில் இரண்டு பிழை. மறுபடி அவரே. மா. 5க்கு முப்பத்தொன்றிலும் படம். பென்குயின்மீது இப்போது மரியாதை.

கேஸ்கட் வாங்கினேன். அளவு தவறு. மனைவி: "ஊருக்கெல்லாம் நம்பர் போடறீங்க, இதுல இருக்கற நம்பரைப் பாக்கலையா?"

13 ஆகஸ்ட், வெள்ளி

குழுவில் மூவர். இருவர் மேசை விரிப்பைப் பாராட்டிவிட்டு கேன்டீன் பக்கம் நகர்ந்தார்கள். மூன்றாமவர் கோயம்புத்தூர்ப் பேராசிரியை. அவர் கம்ப்யூட்டர் முன் நின்றார். தாவரம் பார்த்தார், சந்திரன் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத காரியம் செய்தார்: பக்கத்தின் அடியில் இருந்த ஓர் இணைப்பை மவுஸால் தொட்டார். பக்கம் கிடைக்கவில்லை என்று திரை சொன்னது. பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

"லைன் இருக்கா இல்லையா?" என்றார் பேராசிரியை.

'தற்சமயம் சிறு தடங்கல்' என்ற வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. மரகதம் முந்திக்கொண்டார்.

"லைனே இல்லீங்க மேடம். வெளிய போயி சேத்துட்டு வந்ததுங்க. முப்பத்தொண்ணு இருக்குது. அதைத் தாண்டித் தொட்டா வராதுங்க."

அவருடைய பதினோரு வருடமும் போயிற்று என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க டிபார்ட்மென்ட்ல லைன் இருக்கு. ஆனா நான் சேவ் பண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனா ஒரு படம்கூட வர்றதில்ல. நீங்க என்னம்மா பண்றீங்க?"

மரகதம் சொன்னார், காட்டினார், ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றிக் கெடுத்து மறுபடி சரிசெய்தும் காட்டினார். அம்மாள் ஆய்வுப் படிவத்தின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டார்.

"இதை யாரு கண்டுபிடிச்சது?"

"நானுங்க. பேரு மாத்திக் கெடுத்தது சார்."

இவ்வளவு உண்மை பேசுபவரை ஒரு கல்லூரியில் வைத்திருப்பது ஆபத்து. இருந்தாலும், என் உதவியாளர் என்று அறிமுகப்படுத்தும்போது வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னேன். பிரின்சிபால் திரும்பிப் பார்த்தார்.

30 ஆகஸ்ட், திங்கள்

வெயில். குழுவின் அறிக்கை வந்தது. இன்டர்நெட் இல்லை என்று ஒரு வரி. அது இல்லாமலேயே பக்கங்களைப் படங்களோடு முறையாகக் காக்கும் பிரிவு இருக்கிறது, அதை நடத்துபவரை விட்டுவிடக்கூடாது என்று நான்கு வரி. பிற்பகல் நிர்வாகத்தின் உத்தரவு. நிரந்தரம்.

மரகதம் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். புத்தகப் பட்டியலில் பத்து நிமிடம் வேலை பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"சார், நாளைக்கு எனக்கு லீவு வேணுமுங்க."

தற்காலிகத்துக்கு லீவு கிடையாது. சம்பள வெட்டோடு வராத நாள் மட்டும்தான் உண்டு. பதினோரு வருடத்தில் அவர் கேட்டதே இல்லை.

"என்னம்மா விசேஷம்?"

"ஒண்ணுமில்லீங்க. குடுக்கறாங்களான்னு பாக்கத்தான்."

கொடுத்தேன்.