ஏழாம் பங்கேற்பாளர் சொல்லாதது

மார்ச் 4, செவ்வாய்

உறைமழை. பஸ் பிந்திப்போச்சு. சப்பாத்துக்குள்ளை தண்ணி.

ஆய்வுக் கட்டுரையின்ர புரூஃப் சஞ்சிகையிலையிருந்து வந்திருக்கு, அச்சுக்குப் போக முந்திக் கடைசியாச் சரிபாக்க. என்ர பெயர் முதலாவது, பேராசிரியர் இரண்டாவது. முதியோர் இல்லங்களிலை வேலை செய்யிற தமிழ்ப் பெண்களோடை கதைச்சது, பதிவு செய்தது, இங்கிலீசுக்கு மாத்தினது எல்லாம் நான்.

சந்தோசமாத்தான் வாசிக்கத் தொடங்கினன். நடுவிலை இது:

"இந்த வேலை கடவுள் எனக்குத் தந்த அழைப்பு. களைப்பே தெரிவதில்லை." - பங்கேற்பாளர் 7.

ஏழு எண்டா றெஜினா அன்ரி. அவ இப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லை. பதிவைத் திரும்பக் கேட்டன். அவ சொன்னது: "வேலை எண்டா வேலைதான் பிள்ளை. இடுப்புப் போட்டுது. விட்டா ஆர் பாக்கிறது?"

அதுக்குப் பிறகு அவ அழுதழுது சொன்ன கதை, கோவிட் நேரம் ஒரு கிழவி இவவின்ர கையைப் பிடிச்சபடி செத்தது, மகள் கண்ணாடிக்கு வெளியிலை நிண்டு பாத்தது, கட்டுரையிலை எங்கையும் இல்லை. நான் அனுப்பின பிரதியிலை இருந்தது.

மார்ச் 5, புதன்

பே.யின்ர அறை. (பேராசிரியர். பே. எண்டு எழுதப் பேய் மாதிரி இருக்கு. இருக்கட்டும்.) கேட்டன். மறைக்கேலை. சொற்கள் கூடிப்போச்சாம், ஏஐயிட்டைக் குடுத்துச் சுருக்கினவராம்.

"மேற்கோளையுமோ?"

"முழுக் கட்டுரையையும். கருத்து மாறேலைத்தானே."

"மாறியிருக்கு. அவ சொல்லாததைச் சொல்லுது."

"மொழியைச் சீர்செய்ய ஏஐ பாவிச்சம் எண்டு ஒரு வரி போடுவம். சஞ்சிகை கேக்கிறது அதைத்தான். பொறுப்பான பாவனை எண்டா அதுதான்."

பிறகு, வேற கதை மாதிரி, என்ர வேலை விண்ணப்பத்துக்கு எப்ப சிபார்சுக் கடிதம் வேணும் எண்டு கேட்டார். சிரிச்சுக்கொண்டு.

அவர் இங்கிலீசிலைதான் சொன்னவர். தமிழிலை எழுதேக்கை இன்னும் அசிங்கமாக் கிடக்கு.

வாங்க வேண்டியது: பால், வெந்தயம், பூனைக்குச் சாப்பாடு.

மார்ச் 6, வியாழன்

தடிமன், மூக்கு ஒழுகுது. புருசன் சுதன் பிறம்ரன் வெயார்ஹவுஸ் வேலையாலை வந்து சப்பாத்துக் கழட்ட முந்தியே சொல்லிப்போட்டன். மனுசன் முழுக்கக் கேட்டுது. பிறகு: "உவர் கடிதம் தராட்டி உனக்கு வேலை இல்லை. முதல் வேலை கிடைக்கட்டும். ஒரு வரிதானே."

பிழையாச் சொல்லேலை. அதுதான் கூடக் கோவம். கறியை நானே சூடாக்கினன், அவருக்குப் போடேலை.

மார்ச் 8, சனி

வெயில், ஆனா குளிர். அஜின்கோர்ட், றெஜினா அன்ரி வீடு. அவ வேலையாலை வந்த உடுப்போடையே இருந்தா. இடுப்புக்குப் பின்னாலை தலைகாணி. அச்சிலை வரப்போறதைத் தமிழிலை வாசிச்சுக் காட்டினன்.

"நல்லாத்தான் கிடக்கு. ஞாயிறு பூசையிலை வாசிக்கலாம்," எண்டா.

நான் சிரிக்கேலை.

"எங்கட மனேஜர் உதை வாசிச்சா இன்னும் ரெண்டு ஷிஃப்ற் போடுவா. களைப்பே இல்லையாமே எனக்கு." பிறகு, "கிழவியின்ர கதை எங்கை?"

"வெட்டிப்போட்டினம் அன்ரி."

பிளேன்ரீ ஊத்தப் போனவ கேத்திலைத் திரும்ப வச்சா. "அதைச் சொல்லத்தானே பிள்ளை அண்டைக்கு நான் வந்தனான். வேற ஆருக்கும் சொன்னதில்லை."

வாறபோது ஒரு பை முருங்கைக்காய் தந்தா. வேண்டாம் எண்டு சொல்ல வாய் வரேலை.

மார்ச் 10, திங்கள்

சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதினன்: மேற்கோள் பொய், அன்ரி சொன்னதையும் கிழவியின்ர கதையையும் திரும்பப் போடுங்கோ எண்டு. பே.க்கும் பிரதி.

மார்ச் 13, வியாழன்

பதில் வந்திட்டுது. எவ்வளவு மரியாதை. புரூஃப் கட்டத்திலை புதுசா ஒண்டும் சேர்க்கேலாதாம். எடுக்கலாமாம். அதாவது பொய்யை எடுக்கலாம், உண்மையைப் போடேலாது.

பே. உடனே சம்மதம். "பிரச்சினை தீர்ந்தது," எண்டு ஒரு வரி.

மார்ச் 14, வெள்ளி

தீரேலை. என்ர பெயரை எடுங்கோ எண்டு எழுதினன். ரெண்டு பேருக்கும். காரணமும் எழுதினன், சுத்தி வளைக்காமல்.

பே.யிட்டை இருந்து: "உமது முடிவை மதிக்கிறேன்." சிபார்சுக் கடிதத்தைப் பற்றி மூச்சில்லை. விளங்குது.

சுதன் தேத்தண்ணி போட்டுக் கொண்டந்து வச்சிட்டுப் போட்டார்.

மே 20, செவ்வாய்

நீள வாரயிறுதி லீவுக்குப் பிறகு முதல் நாள். புழுக்கம். வேலை விண்ணப்பம்: இல்லை எண்டு பதில். நேர்முகத்துக்கே கூப்பிடேலை.

கட்டுரை வெளியாகியிருக்கு. பே. தனிய. அன்ரியின்ர பொய் மேற்கோள் இல்லை. அது மட்டும் என்ர பிடிவாதத்துக்குக் கிடைச்சது. கடைசியிலை நன்றியுரை: மொழியைச் சீர்செய்ததுக்கு முதல் ஏஐ மென்பொருள், அதுக்குக் கீழை மொழிபெயர்ப்பு உதவிக்கு நான்.

அன்ரிக்கு ஃபோன் எடுத்தன். சொல்லாமல் விடேலாது.

"அப்ப இப்ப நான் அதிலை என்ன சொல்லுறன்?"

"ஒண்டும் இல்லை அன்ரி. அட்டவணையிலை உங்கட வயது மட்டும் கிடக்கு."

பின்னாலை ஆரோ அவவைக் கூப்பிடுகினம், வேலையிடம் போல.

"வயதாவது சரியாப் போட்டிருக்கினமோ?"

திறந்து பாத்தன். சரி.