ஆழ்வார்புரத்துப் பெட்டி

மாப்ள,

ஆழ்வார்புரத்துப் பெட்டியைப் பிரித்து என் மேசைமேல் காயவைத்திருக்கிறேன். உள்ளேயிருந்து பன்னீர் வாசம் வருகிறது. நேற்றுக் காலை அழகர் ஆற்றில் இறங்கியபோது, தண்ணீர் பீய்ச்சியவர்கள் அவரை நனைத்த கையோடு இதையும் குளிப்பாட்டிவிட்டார்கள். நீ இல்லாத முதல் திருவிழா.

இதில் ஓடுவது, கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைத் தேட நாம் செய்த மென்பொருள். திருவிழா உதவிக் கூடாரத்துக்கு ஒரு பெட்டி. ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும். நடுவில் ஒரு சர்வர் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்தட்டும் என்றது ஆபீஸ். நீ சிரித்தாய். "அழகர் எப்ப வந்து தங்குவார்னு எந்த ஆபீசுல கேட்டு மண்டகப்படிக்காரய்ங்க அடுப்புப் பத்தவைக்கிறாய்ங்க? முந்தின மண்டகப்படில கேட்டுக்கிருவாய்ங்க. அங்க தாமசம்னா இங்கயும் தாமசம், அம்புட்டுத்தான்." அப்படியே எழுதியும் காட்டினாய். சிக்னல் இளைத்தால் பெட்டிகள் தாமாகவே பிள்ளையின் படத்தை விட்டுவிட்டுப் பெயரையும் அடையாளத்தையும் மட்டும் அனுப்பும். ஒரு வழி அடைத்தால் பக்கத்துப் பெட்டி வழியாகச் சுற்றிப் போகும்.

ஒன்றில்தான் நமக்குச் சண்டை. பதில் சொல்லாத பெட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். "சத்தமில்லைன்னா ஆளே இல்லைன்னு ஆயிருமாடா? அப்பப்பக் கூப்புட்டுக்கிட்டே இருக்கட்டும்" என்றாய். பிடிவாதத்தில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நேற்று, பரவையிலிருந்து வந்த ஓர் அம்மா தல்லாகுளம் கூடாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நாலு வயசுண்ணே, மஞ்சச் சட்டை, பேரு யாழினி. எப்படியாச்சும் தேடிக் குடுங்கண்ணே." எல்லாப் பெட்டிகளும் இல்லை என்றன. ஆழ்வார்புரம் மட்டும் வாயே திறக்கவில்லை. மற்றவை விடாமல் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்த தொண்டர் அதைத் துண்டால் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறார். உயிர் வந்ததும் அடுத்த அழைப்பு போய்ச் சேர்ந்தது. படமில்லாமல் ஒரே வரி திரும்பியது: யாழினி, மஞ்சள் சட்டை, இங்கே இருக்கிறாள்.

போய்ப் பார்த்தால் அம்மணி உட்கார்ந்து குச்சி ஐஸ் தின்றுகொண்டிருக்கிறாள்!

"இதையெல்லாம் செஞ்சது யாருண்ணே? நூறு வருசம் நல்லா இருக்கணும் அவரு" என்றார் அந்த அம்மா.

"எங்க மாப்ள" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை. நீ போய்விட்டதைச் சொல்லாமல், யாழினிக்கு இன்னொரு குச்சி ஐஸ் வாங்கப் போனேன்.

உன் நம்பரை அழித்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில். நீ எழுதிய விதியை நான் எப்படி மீறுவது? அப்பப்பக் கூப்பிடுகிறேன். இன்று காலையும் கூப்பிட்டேன், பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று சொல்லத்தான்.