உனக்குக் கேட்ட பக்கம்

நேற்று ஒலி அறையின் கதவைத் திறந்ததும், சுவரில் புதிதாக ஒட்டிய பஞ்சின் பசை வாடை அடித்தது. உனக்கு அது ஆகாது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே வருவாய். நீ போய் எட்டு மாதமாகிறது.

ஓசூர் ஸ்பீக்கர் தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே வயது, ஒரே ஷிப்ட். தியேட்டர்களில் முப்பரிமாண ஒலி எப்படி அமைய வேண்டும் என்று தரநிலை எழுதும் குழுவுக்கு நம் அறையிலிருந்துதான் சோதனை முடிவுகள் போயின. சுற்றிலும் ஸ்பீக்கர்கள், தலைக்கு மேலேயும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பவர், சத்தம் வரும் பக்கம் கை காட்ட வேண்டும். நான் குறித்துக்கொள்வேன். எந்த ஸ்பீக்கர் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

சோதனைக்கு நீ உட்கார்ந்தபோது, இடப்பக்கம் மேலே மழைச் சத்தம் விட்டால் வலப்பக்கம் கை காட்டினாய். தொடர்ந்து மூன்று நாளும் அப்படியே. கேன்டீனில் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்ல இருந்தப்பவே அந்தச் சத்தத்துல இடது காது போயிருச்சுடி. தெரிஞ்சா சோதனைக்கு ஆக மாட்டான்னு மறுபடி அங்கயே அனுப்பிருவாங்க."

தவறான பதில் தரநிலைக்குள் போய்விடுமே என்று பயந்து, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். உன் பதில்களை எல்லாம் நீக்கச் சொன்னார். அந்த வாரம் முழுக்க, உத்தனப்பள்ளி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனாய்.

பிறகு பெங்களூரில் குழுக் கூட்டம். ஸ்பீக்கர்களைப் பொருத்திக் காட்ட வந்த நீ, நான் முடிவுகளை வாசித்து முடித்ததும் எழுந்தாய்.

"என் பதில தப்புன்னு எடுத்துட்டாங்க. எனக்கு அப்படித்தான் கேக்குது. என்னை மாதிரி இருக்கறவங்களும் தியேட்டருக்கு வர்றாங்க."

தலைவருக்குத் தமிழ் தெரியாது. அதையே கன்னடத்தில், இன்னும் நிதானமாகச் சொன்னாய். அவர் எழுதிக்கொண்டார்.

ஒரு காதில் மட்டும் கேட்பவர்களையும் சோதனையில் சேர்க்க வேண்டும், முக்கியமான வசனம் ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும் வரக்கூடாது என்று வரைவில் இரண்டு வரிகள் ஏறின. உன்னைப் பிரஸ் ஷாப்புக்கும் அனுப்பவில்லை. அன்று பெங்களூரிலிருந்து திரும்பும் வழியிலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

"நீ சொல்லலன்னா நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன். ஆனா என்னைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றாய்.

பிறகு காய்ச்சல் என்று லீவு போட்ட நீ ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. தரநிலை அச்சாகி வந்தபோது நீ இல்லை.

இப்போது சோதனைக்கு வருகிறவர்களிடம் காதில் குறை உண்டா என்று கேட்கிறேன். அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் ஓர் அம்மாள் ரொம்பத் தயங்கி, வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது என்றார். அவருடைய தாளில் பெயருக்கான இடத்தை வெறுமையாகவே விட்டேன்.