மகள் ஆடிய மேடையில் ஏறியவனுக்கு

ஆசைத் தம்பி குமரேசா,

ஆசை என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். எனக்கு உன்மேல் இருக்கும் ஆத்திரத்துக்கு வேறு மாதிரிதான் ஆரம்பித்திருக்க வேண்டும். செத்தவனைத் திட்டக் கூடாதாம், சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். நீ மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்ச் சேருவாய், நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

போன வருடப் பள்ளி விழாவை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரி ஆசிரியை, தங்கள் ஊர் ஹாக்கா ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். உன் மகள் தர்ஷினி நடுவில் நின்றாள். காலால் தரையை உதைத்து, தொடையில் தட்டி, கண்ணை அகல விரித்து, விரல்கள் நடுங்க, தொண்டை கிழியக் கத்தினாள். எனக்குப் புல்லரித்துப் போனது.

நீ என்ன செய்தாய்? பிள்ளைக்குச் சாமி வந்துவிட்டது என்று மேடையில் ஏறி, சட்டைப் பையில் வைத்திருந்த திருநீற்றை அவள் நெற்றியில் அப்பி, "யாராச்சும் தண்ணி கொண்டாங்க!" என்று அலறினாய். மண்டபமே சிரித்தது. பிள்ளை அப்படியே நின்றாள்.

சரி, தெரியாமல் செய்தாய். பயந்துபோய்த்தான் ஓடினாய். அதை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன். கண்ணை விரிப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான், அதில் வீரமும் உண்டு, துக்கமும் உண்டு என்று அந்த ஆசிரியை உன்னிடம் பொறுமையாகச் சொன்னார். நீயும் தலையாட்டினாய். வீட்டுக்கு வந்து, "தெரியாம செஞ்சிட்டேம்மா" என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வந்ததா? "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு லா இந்த முரட்டு ஆட்டம்? இனி அந்தப் பக்கமே போவக் கூடாது" என்றாய். உன் வெட்கத்தை மறைக்க அவளை அடக்கினாய்.

அதன்பிறகு அவள் உன்னோடு பேசவில்லை. நீயும் இறங்கி வரவில்லை. அப்படியே போய்விட்டாய். சாவு வீட்டில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று கோத்தா திங்கியிலிருந்து வந்த சனமெல்லாம் பேசியது. யாரால் அப்படி ஆனாள்? சொல்லேன்.

இப்போதைய சேதிக்கு வருகிறேன். உன் பெண்டாட்டி மாலா பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்த் திரும்ப நேரமாகிறது. அதனால் சாயங்காலம் உன் ஸ்கூடாய் வீட்டில் மகளுக்குத் துணை நான்தான். போன வாரம் போனபோது உன் மாலை போட்ட படம் கூடத்தில் இல்லை. வெளியே கார் நிறுத்தும் இடத்தில், சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அதற்கு எதிரே நின்று அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள். உனக்காக ஆடவில்லையடா. உன்மேல் ஆடினாள். ஒவ்வொரு அடிக்கும் உன் முகத்துக்கு நேரே வந்து கத்தினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா நம் பெரியண்ணன் வர வேண்டும்?

"அலமாக்! வருசத் திதிகூட வரல, அப்பன் படத்துக்கு முன்னாடி ஆட்டமா? நிறுத்தச் சொல்லு!"

நான் கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினேன். "வெளியவே நில்லுங்கண்ணே. ஒருத்தன் நிறுத்தினது போதும்."

ஆடி முடித்ததும் தர்ஷினி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நீ போனதிலிருந்து அன்றைக்குத்தான் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"கோவம் போச்சாம்மா?"

"பாதிதான் போச்சு அத்தை."

வரும் வெள்ளிக்கிழமை பள்ளி விழா. அதே மேடையில் ஆடுகிறாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, நானும் கேட்க விடவில்லை.

உன் படத்தைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் என் மடியில் வைத்துக்கொள்வேன். யார் சிரித்தாலும் சரி. இது சத்தியம், குமரேசா. இந்தத் தடவை ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்து பார்க்கப் போகிறாய்.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த, இன்னும் திட்டித் தீராத
உன் அக்கா