ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே

2041 பிப்ரவரி 11, காலை 9.10
மிதவை மேடை, மன்னார் வளைகுடா

உணரிகள் அனைத்தும் வேலை செய்கின்றன. கூரையடியில் ஹைட்ரஜன் 0.0 சதவீதம். கடல் அமைதி.

இதைப் பின்னால் யார் படிப்பீர்கள் என்று தெரியாததால் ஒருமுறை சொல்லிவைக்கிறேன். என் பெயர் சங்கவை. அம்பத்தூரில் பதினோரு பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியின் பொறியாளர். கடல்நீரை நேரடியாகப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் இந்த ஆராய்ச்சி மேடைக்கு ஒன்பது பங்காளிகள். எட்டு பேர் பெரியவர்கள், ஒன்பதாவது நாங்கள். கசிவை முகர்ந்து சொல்வது எங்கள் பங்கு. சொல்வதோடு சரி. எதையும் நிறுத்தவோ திறக்கவோ எங்களுக்கு உரிமை கிடையாது.

ஹைட்ரஜன் மிக இலேசானது. கசிந்தால் நேரே மேலே போகும். அதற்காகவே கூரை முகட்டில் ஆறு திறப்புகள் வைத்திருக்கிறார்கள். இந்த மேடையில் யாரோ யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று தோன்றுகிறது.

என் கழுத்துப் பட்டை நான் பேசுவதை எழுதிக்கொள்கிறது. பதிவு முடிந்தது.

பிப்ரவரி 14, மாலை 4.30

திறப்பு விழாவுக்காக அலங்காரக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கடல்நீரைப் பிளக்கும் இயந்திரமான பிளப்பான் இருக்கும் கூடம் முழுக்க ஃபால்ஸ் சீலிங். நடுநடுவே விளக்குக்கு ஓட்டைகள். ஏசி குளிர் வெளியே போகிறதாம், முகட்டுத் திறப்புகள் ஆறையும் மூடிவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளரை வாக்கிடாக்கியில் பிடித்தேன்.

"சேஷகிரி சார், திறப்பை எல்லாம் மூடிட்டாங்க. கசிஞ்சா கேஸ் சீலிங்குக்கு மேலயே தேங்கிடும்."

"சீஃப் கெஸ்டுக்கு வேர்க்கக் கூடாதும்மா. ரெண்டு நாள் விஷயம். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"கேஸுக்கு அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாது சார்."

"உங்க கம்பெனில எல்லாருமே இப்படித்தான் பேசுவீங்களா?"

பிப்ரவரி 15, பகல் 12.15

கூரையடியில் 0.8. பிளப்பானின் நாலாம் தொட்டியின் மூடியோரம் கசிகிறது.

நிழல்மேடையில் 0.0.

நிழல்மேடை என்பது இந்த மேடையின் கணினிப் பிரதி. குழாய், வால்வு, காற்று எல்லாம் அதற்குள் கணக்காக ஓடும். உணரி ஒன்று சொல்லி நிழல் வேறு சொன்னால் இங்கே நிழல்தான் ஜெயிக்கும். ஆனால் நிழலுக்குள் ஃபால்ஸ் சீலிங் இல்லை. விழாக் கமிட்டி போட்ட சீலிங்கை யாரும் அதில் வரையவில்லை. அதன் கணக்கில் திறப்புகள் ஆறும் இன்னும் திறந்தே இருக்கின்றன, வாயு ஜாலியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

"அதுல சீலிங்கை வரைஞ்சாப் போதும் சார். அஞ்சு நிமிஷ வேலை."

"நிழல்ல கை வைக்கிற உரிமை ரெண்டாம் பங்காளிக்கு மட்டும்தான். அவங்க கமிட்டி மார்ச்ல கூடுது. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். விழாப் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று எங்கள் அபாயச் சங்கின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 16, காலை 10.05

2.9. நாலு சதவீதத்தைத் தொட்டால் வெடிக்க ஒரு பொறி போதும்.

கூடத்தின் நடுவில் ஐந்து முகக் குத்துவிளக்கு. திரி போட்டு எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. சீலிங்கில் விளக்குக்கு மேலேயே ஓர் ஓட்டை. இருநூறு நாற்காலிகள். சேஷகிரி சார் என் அழைப்பை எடுக்கவில்லை. மேடையின் வெல்டர் ஜெபஸ்டின் எடுத்தார்.

"அண்ணே, முகட்டுத் திறப்பைச் சுத்துற கைப்பிடி உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு தாயி. சுவிட்சப் போட்டா தொறக்குமே?"

"மோட்டார்ல பொறி வந்தா எல்லாரும் போயிருவோம்."

"ஏயப்பா! வெளியேணி வழியா வா, நான் மேல நிக்கேன். கேட்டா கக்கூஸ்ல இருந்தேன்னுதான் சொல்லுவேன், பாத்துக்க."

பிப்ரவரி 16, காலை 11.20

ஆறையும் திறந்தோம். 2.9, 1.7, 0.6, 0.1. உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. அதன் பிறகுதான் கீழே விளக்கை ஏற்றினார்கள். கைதட்டல் கூரை வரை கேட்டது.

திறப்புகளிலிருந்து உதிர்ந்த துரு சீலிங் ஓட்டை வழியாக விழுந்திருக்கிறது. சிறப்பு விருந்தினரின் பட்டுச் சால்வையில்.

பிப்ரவரி 18, பகல் 3.00

திரையில் விசாரணை. எட்டுப் பங்காளிகள். எங்கள் முதலாளி மீனலோசனி அக்காவும் இருந்தார்.

"கூரை மேல ஏற உங்களுக்கு யார் அனுமதி குடுத்தா?"

"யாரும் குடுக்கல. கேஸ் தேங்கியிருந்தது."

"நிழல்ல தேங்கலையே. எதுவும் நடக்கவும் இல்லையே?"

"நடக்காம இருக்கத்தான் சார் திறந்தேன்."

"அப்போ கசிவுக்கு ஆதாரம் இல்லை. உணரிக் கோளாறுன்னு எழுதிக்கலாம்."

"சங்கவை, ப்ளீஸ், கொஞ்சம் வாயை மூடு." இது மீனலோசனி அக்கா.

மூடினேன். இருநூறு பேர் செத்திருந்தால் நான் சொன்னது ஆதாரம் ஆகியிருக்கும். பிழைத்ததால் கோளாறு.

தீர்மானம்: ஒன்பதாம் பங்காளி நீக்கம். உணரிகள் அகற்றப்படும். அடுத்த மாதம் வெளிநாட்டு விருந்தினர் வருவதால் சீலிங் இருக்கும். இனி யாரும் திறக்க முடியாதபடி முகட்டுத் திறப்புகள் வெல்டிங் செய்து அடைக்கப்படும். நாலாம் தொட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பிப்ரவரி 20, காலை 10.40. கரைக்குத் திரும்பும் படகில்

முகட்டுத் திறப்புகளை மறுபடி மூடிவிட்டார்கள். விசாரணைக்காக நிறுத்திய பிளப்பான் நேற்றிலிருந்து ஓடுகிறது. உணரிகளைக் கழற்றிவிட்டார்கள். ஏசி குழாய்க்குப் பின்னால் இருக்கும் ஏழாம் உணரி மட்டும் கைக்கு எட்டாமல் தப்பியிருக்கிறது. அது மட்டும் இன்னும் என் கைபேசிக்கு அனுப்புகிறது. இப்போது 2.2.

"ஜெபஸ்டின் அண்ணே, இன்னைக்குக் கூரை வேலை வேண்டாம்."

"கேஸ் இல்லேன்னு பர்மிட் குடுத்துட்டாவ தாயி. நிழல்ல சைபர் காட்டுதாம்."

"அதை நம்பாதீங்க."

"நான் நம்பலேன்னா நாளைக்கு வேற ஒருத்தன் ஏறுவான். அம்புட்டுதான். நீ கைக்கு மருந்து போடு."

காலை 11.05

3.6. சேஷகிரி சார் எடுக்கவில்லை. மீனலோசனி அக்கா எடுக்கவில்லை. கடலோரக் காவலுக்குச் சொன்னேன். மேடையிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறார்களாம்.

படகைத் திருப்பச் சொன்னேன். அனுமதிச்சீட்டு இல்லாமல் அங்கே கட்ட விடமாட்டார்கள் என்கிறார் படகோட்டி.

காலை 11.12

"கன்ட்ரோல் ரூம், ஒண்ணாம் சானல், அவசரம். கூரையில நாலு புள்ளி நாலு. வெல்டிங்கை நிறுத்துங்க."

"யாரு பேசுறது? சங்கவை மேடமா? ஒங்க ஐடி கேன்சல். சானலை விட்டு எறங்குங்க."

"ஜெபஸ்டின் அண்ணன்கிட்ட குடுங்க!"

"அவரு மேல ஏறிட்டாரு. வாக்கிடாக்கி இங்கதான் கெடக்கு."

"ஓடிப் போய்க் கத்துங்க. தயவுசெஞ்சு. ஒரே ஒரு தடவை—"

"மேடம், நிழல்ல சைபர்தான் காட்டுது."

4.9. முகட்டில் நீலப் புள்ளி ஒன்று மின்னுகிறது. அணைந்தது. மறுபடி மின்னுகிறது. அண்ணே. அண்ணே.

ஏழாம் உணரி: இணைப்பு இல்லை.

கூரைத் தகடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. தீ தெரியவில்லை. பகலில் ஹைட்ரஜன் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. படகோட்டி இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் இன்னும் வந்து சேரவில்லை.