படலைக்குப் பின்னால் இருந்த வாக்கு

இன்று காலை அலுவலக அலுமாரியைத் திறந்ததும் தைல வாசம் முகத்தில் அடித்தது. தலையிடிக்கு நெற்றியில் பூசிய கையோடு, எங்கள் மேற்பார்வையாளராக இருந்த நீர் சரிபார்த்த படிவங்கள். திங்கட்கிழமை தொடங்கும் புதிய கருத்துக்கணிப்புக்கு ஆட்களைப் பழக்க வேண்டும், மாதிரிக்குப் பழைய படிவக் கட்டை எடும் என்று பணிப்பாளர் சொல்லியிருந்தார். பழக்கப்போவது நான். போன தேர்தலில் எங்கள் கணிப்புச் சரியாக வந்ததால் எனக்குக் கிடைத்த மரியாதை அது. அது உமக்கு உரியது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் நீரும் போய்விட்டீர்.

குடாநாட்டுச் சனம் காலங்காலமாகப் போட்டுவந்த தமிழ்க் கட்சியை விட்டுத் தெற்கின் கட்சிக்கு மாறுகிறதா என்பதுதான் அன்று கேள்வி. வீட்டில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறதோ, அவரிடம் மட்டும் கேட்க வேண்டும் என்பது விதி. வாசல் படலையைத் திறக்க வருகிற ஐயாமாரைக் கேட்டால், எல்லா வீட்டிலும் அடுத்த பிறந்தநாள் அவர்களுக்குத்தான். நட்சத்திரம் சொல்வார்கள், திகதி தெரியாது. வெயிலில் நின்று மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்காரர் சொன்னால் வீடு முழுக்க அதுதானே என்று, படலையடியிலேயே எழுதி முடித்தேன்.

நான் எழுதிய கொடிகாமத்துப் படிவங்களை நீர் ஒவ்வொன்றாகப் புரட்டினீர். பிறகு நிமிர்ந்து பார்த்தீர்.

“உம்மடை கொடிகாமத்திலை பொம்பிளையளே இல்லையோ?”

“ஆரைக் கேட்டாலும் ஒரே கதைதான்,” என்றேன்.

“போன முறையும் ஐயா, இந்த முறையும் ஐயா. பிறகு ஊர் மாறேல்லை எண்டு அறிக்கை எழுதுவீராக்கும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வருத்தக்காரிக்கு வேறு வேலை இல்லை என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். உமக்கு அது கேட்டது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த உடம்பைப் பார்த்துச் சொன்ன சொல். அந்த நாக்கு இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

மறுநாள் உம்முடைய ஸ்கூட்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனீர். முதல் வீட்டு ஐயா எங்களைக் கண்டதும், “நான் அண்டைக்கே சொல்லிப்போட்டன். எங்கடை வீட்டு வாக்கு எங்கடை ஆக்களுக்குத்தான்,” என்றார். நீர் அவரோடு வாதாடவில்லை. அடையாள அட்டைகளை வாங்கித் திகதி பார்த்தீர். மருமகளுக்குத்தான் அடுத்த பிறந்தநாள். ஐயாவைக் கதைத்துக்கொண்டிருக்கும்படி எனக்குக் கண் காட்டிவிட்டு, கிணற்றடியில் நின்ற அந்தப் பிள்ளையிடம் போனீர். நான் வெங்காய விலை கதைத்தேன். ஐயாவின் கண் கிணற்றடியிலேயே இருந்தது. நான் வெங்காயத்திலிருந்து மிளகாய் விலைக்கு மாறினேன்.

திரும்பும் வழியில், யாரென்று எவருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளையோடு, அந்தப் பிள்ளை சொன்னதைச் சொன்னீர். “எங்கடை ஆக்கள் எண்டுதான் அக்கா இவ்வளவு காலமும் போட்டனான். பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்திலை கணக்குக்கு ரீச்சர் இல்லை. கேக்கப் போனால் உரிமையைப் பற்றிக் கதைக்கினம். உரிமை வேண்டாமெண்டு ஆர் சொன்னது? இவையிலை வந்த கோவத்திலைதான் தெற்குக் கட்சிக்குப் போடப்போறன். மாமாவுக்கு மட்டும் தெரியவேண்டாம்.”

“உது மாறினதெண்டும் எழுதேலாது, மாறேல்லை எண்டும் எழுதேலாது. அடுத்த முறையும் உதே பிள்ளையைக் கேக்கோணும்,” என்றீர். அடுத்த முறை நீர் இருக்கமாட்டீர் என்பது அப்போதே உமக்குத் தெரிந்திருக்கும்.

என்னுடைய வீடுகள் அத்தனைக்கும் நீர் மறுபடி போனீர். ஒவ்வொரு படிவத்தையும் நீரே கணினியில் ஏற்றிவிட்டு, உறையில் இட்டு ஒட்டினீர். என் பிழையைப் பணிப்பாளரிடம் மூச்சுக்கூட விடவில்லை. முடிவு வருமுன் உம்முடைய மூச்சு நின்றது. முடிவு வந்தபோது பணிப்பாளர் என் தோளில் தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கக்கேடு.

இன்று அந்த உறைகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, என் ஊரான கோப்பாயின் படிவக் கட்டின்மேல் கை நின்றது. உறையின் மேல் என் வீட்டு இலக்கம், உம்முடைய கையெழுத்து. பட்டியலில் என் வீடும் வந்திருந்தது. சொந்த வீட்டை வேறொருவரிடம் விட்டிருக்க வேண்டும். அடுத்த பிறந்தநாள் மனைவிக்கு; நான் அவளைக் கேட்காமலே அலுவலக மேசையில் இருந்தபடி நிரப்பியிருந்தேன். நான் இல்லாத நேரத்தில் நீர் வந்து கேட்டிருக்கிறீர். உறையின் விளிம்பில் என் விரல் நெடுநேரம் நின்றது. கிழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஓம், வந்தவ. நிக்கேலாமல் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. நான் சொன்னனான்.”

“என்ன சொன்னனீர்?”

“அவ கேட்டவ, சொன்னன். நீங்கள் கேக்காமலே எழுதினனீங்கள்தானே. அது உங்களுக்குப் போதும்.”

ஒரே கூரைக்குக் கீழ் இத்தனை வருடம். அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். திங்கட்கிழமை, பணிப்பாளரும் இருக்கும்போது, புதியவர்களிடம் உம்முடைய பெயரைச் சொல்லி, நான் செய்த பிழையையும் நீர் திருத்தியதையும்தான் முதலில் சொல்லப்போகிறேன். அதன் பிறகும் பழக்குகிற வேலையை எனக்குத் தருவார்களோ தெரியாது.